பருவமழை ஆயத்தக் கூட்டத்துக்கு முன் கடலூர் மாவட்ட முகாம் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர்கள், வருவாய் ஆய்வாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், இந்த ஆண்டு நிவாரண முகாம்களுக்குப் பொறுப்பேற்கப் போகிற மற்ற துறை அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணி கழிந்தால் உங்கள் அலுவலகங்களில் வடகிழக்குப் பருவமழை ஆயத்தக் கூட்டம் தொடங்கிவிடும். மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, ஜேசிபி யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டர் ஓடுமா, பாம்பு பிடிக்கிறவர் நம்பர் என்ன, தாழ்வான தெருக்கள் எவை என்று பட்டியல் போடுவீர்கள். நல்ல பட்டியல்தான். சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம், நிவர் புயல், ஃபெஞ்சல் புயல் என்று அடி மேல் அடி வாங்கி இந்த மாவட்டம் கற்றுக்கொண்ட பட்டியல். கடலோர அரசுப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பட்டியலில் எங்கள் பள்ளியின் பெயரும் முகாம் என்று தவறாமல் இருக்கும். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி, வகுப்பறையைக் கூட்டி, வருகிற சனத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்த காலத்தில் கண்ணால் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் மனசுக்கென்று ஒரு வரி கிடையாது. கேட்டால், "கவுன்சிலிங் டீம் வருவாங்க டீச்சர்" என்பார்கள். வரத்தான் செய்வார்கள், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஃபிளெக்ஸ் பேனரோடு. மைக்கைப் பிடித்து மன அழுத்தம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் பேசுவார்கள். எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்பார்கள். முன்வரிசைப் பெண்ணும் இழுத்து விடுவாள். அவள் நினைப்பு முழுக்க, மேட்டில் கட்டிப் போட்டுவிட்டு வந்த ஆட்டின் மேல் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு வண்டி ஏறுவார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் ஏழெட்டு முகாம் பார்த்து அறிக்கை அனுப்பச் சொன்னால் அவர்கள்தான் வேறென்ன செய்வார்கள்?

நான் சொல்ல வந்தது இதுதான். வெள்ளக் காலத்தில் சனங்களின் மனசைத் தாங்கிப் பிடிக்கிற வேலையில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. முகாமின் கரும்பலகையில், கழிப்பறைத் தாழ்ப்பாளில், சமையல் கொட்டகையில், போன் சார்ஜ் போடுகிற பிளக்கில் இருக்கிறது. மருத்துவர்கள் பார்க்க வேண்டியது கொஞ்சப் பேரை. மற்ற எல்லாரையும் பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்.

இது ஒரு டீச்சரம்மாவின் சொந்தக் கருத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். பேரிடர்க் காலத்தில் மனநல உதவி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி, சுனாமிக்குப் பிறகு 2007-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. அதில் ஒரு பிரமிடு படம் வரும். அடித்தளத்தில் பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணீர், இருப்பிடம். அதுவும் மானம் மரியாதையோடு கிடைக்க வேண்டும். அதற்கு மேல் குடும்பமும் ஊரும் ஒன்றாக இருப்பது. அதற்கும் மேல், பயிற்சி பெற்ற களப்பணியாளரின் உதவி தேவைப்படுகிற சிலர். உச்சியில், கூரிய முனையில்தான் மனநல மருத்துவர். பேரிடரில் சிக்கிய கிட்டத்தட்ட எல்லாருக்கும் மனக்கலக்கம் வரும், பெரும்பாலோருக்கு நாள்பட அது தானாகத் தணியும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நாம் என்னவென்றால் அடித்தளத்தைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு, உச்சியை மட்டும் பேனர் கட்டிக் கூட்டி வருகிறோம்.

முதலில் கரும்பலகை. பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவதில் ஒரு வசதி, அறைக்கு ஒரு கரும்பலகை உண்டு. முகாம் நாட்களில் அது வெறுமையாகவே கிடக்கும், அல்லது ஐந்தாம் வகுப்பின் கடைசிக் கணக்கு அழியாமல் இருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே நூறு பேர் ராத்திரி முழுக்க ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள்: தண்ணி வடிஞ்சிடுச்சா? கரண்டு எப்ப வரும்? கெடிலம் ஆத்துல இன்னும் ஏறுதா? வூட்டைப் பாத்துட்டு வர வுடுவாங்களா? பதில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ மேலதிகாரியோடு போனில் இருப்பீர்கள். செய்தி வராத இடத்தில் வதந்தி புற்று போல வளரும். பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் "ஏரி உடைஞ்சிடுச்சு" என்று ஒரு குரல் பதிவைப் போட்டால் போதும், கைக்குழந்தையோடு பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். இருட்டில், மழையில். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று மூச்சு விடுவதற்குள், டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. எச்சரிக்கை எப்போது கொடுத்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது சட்டமன்றம் வரைக்கும் சண்டையானது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. ஆற்றங்கரைச் சனத்துக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: மழை பெய்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பது. வெயில் காலத்துக் கோடை மழைக்கும் எழுந்து உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். யாராவது எழுப்பிச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டால் மனசு தானே காவல் காக்க ஆரம்பிக்கும். அந்த நம்பிக்கையைத் திரும்ப உண்டாக்குவது எந்தக் கவுன்சிலராலும் ஆகாது. எச்சரிக்கை சொல்லும் அலுவலகத்தால்தான் ஆகும்.

ஆகவே ஒவ்வொரு முகாமிலும் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் குறித்த நேரத்துக்குக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அணையில் திறப்பு எவ்வளவு, எந்தத் தெருவில் வடிந்திருக்கிறது, வீட்டைப் பார்க்க யாரை எப்போது அனுப்புவீர்கள், கணக்கெடுப்புக்கு என்ன காகிதம் வேண்டும். எழுதியவர் பெயரும் நேரமும் கீழே இருக்கட்டும். எழுதியதை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், பாதிப் பேருக்குக் கண் தெரியாது, கொஞ்சப் பேருக்கு எழுத்துத் தெரியாது. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் "புதிய தகவல் இல்லை, அடுத்து இரவு ஏழு மணிக்கு" என்றாவது எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு எத்தனை பேர் படுத்துத் தூங்குவார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள். உங்களுக்கும் லாபம் உண்டு. ஒரே கேள்வியை ஐம்பது பேரிடம் வாங்கி எரிந்து விழ வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "எல்லாம் சரியாப் போயிடும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சரியாகப் போகாது என்பது அந்த அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பணம் கொடுக்கிற விஷயத்திலும் இதே கதைதான். ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பணத்தால் கிடைத்த நிம்மதியைவிட, எந்தத் தெருவுக்கு உண்டு, எந்தத் தெருவுக்கு இல்லை, டோக்கன் என்றைக்கு என்று தெரியாமல் அக்கம்பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் எங்கள் பக்கம் அதிகம். பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டி, விடுபட்டவர்கள் யாரிடம் போக வேண்டும் என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

அடுத்து, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது. முகாமுக்கு வருகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, போகிற வழியில் விளக்கில்லை. பள்ளிக்கூடக் கழிப்பறைகள் பிள்ளைகளுக்காகக் கட்டியவை, பலவற்றுக்குக் கதவு இடுப்பு உயரம்தான். வயசுப் பெண்ணை வைத்திருக்கிற தாய் ராத்திரி முழுக்க முழித்திருந்து, விடிந்ததும் யார்மேலாவது எரிந்து விழுகிறாள். "ரொம்ப டென்ஷன் பார்ட்டி" என்று ஊழியர் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அவளுக்குத் தேவைப்பட்டது பத்து ரூபாய்த் தாழ்ப்பாளும் ஒரு பல்பும். உடுத்த மாற்றுத் துணியும், நாப்கினும், துணி மாற்ற ஒரு மறைப்பும் கிடைத்தால் பாதி டென்ஷன் போய்விடும். எல்லா அறையிலும் விடிய விடிய டியூப்லைட் எரிய வேண்டாம். ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பத்து மணிக்கு அணையுங்கள். தூக்கத்தைவிட நல்ல மருந்து முகாமில் எதுவும் கிடைக்காது.

போன் சார்ஜ் போடும் வசதியை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். டிவியில் கடலூர் என்று பார்த்துவிட்டு அங்கே ஒருவன் துடித்துக்கொண்டிருப்பான். இங்கே அவன் அம்மா செத்த போனைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் நாலு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டிவையுங்கள். அவன் குரலைக் கேட்டபின் அவள் சாப்பிட உட்காருவாள்.

சாப்பாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தானே அடித்தது 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த நேரம். எங்கள் முகாமுக்குச் சாம்பார் சாதம் பொட்டலமாக வேனில் வந்துகொண்டிருந்தது. வேன் வர மூன்று மணி ஆகும், சோறு பாதி நாள் புளித்திருக்கும். ஊரில் கல்யாணம் காட்சி என்றால் ஐந்நூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமைக்கிற பெண்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தார்கள். வயசான ஒரு ஆயா வந்து, "டீச்சர், உன்னாண்ட அருவாமனை இருக்கா?" என்று கேட்டது. எதுக்கு ஆயா என்றேன். "சும்மா குந்திக்கினு இருந்தா என்னென்னமோ நெனப்பு வருது. வெங்காயமாவது அரியறேன்." சத்துணவுக் கூடத்தைத் திறந்துவிட்டோம். அரிசி, பருப்பு வட்ட வழங்கல் மூலம் வந்தது, விறகுக்குப் பஞ்சமே இல்லை, விழுந்து கிடந்த மரம் எல்லாம் விறகுதான். ஆயா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அரிவாள்மனையைத் தொடையால் அழுத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி வெங்காயம் அரிந்தது. அழுகை வெங்காயத்துக்கா வேறெதற்கா என்று யாரும் கேட்கவில்லை. சுற்றி உட்கார்ந்த பெண்கள் அன்றைக்குத்தான் வாய் திறந்து பேச ஆரம்பித்தார்கள்: யார் வீட்டுக் கூரை பறந்தது, யார் மாடு செத்தது, எந்த மச்சான் குடித்துவிட்டுத் தூங்கிப் புயலையே பார்க்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

முகாமில் ஆட்களைச் சும்மா உட்காரவைப்பது இரக்கம் மாதிரித் தெரியும், ஆனால் அது ஒரு தண்டனை. சமைக்கத் தெரிந்தவர் சமைக்கட்டும், வலை பின்னத் தெரிந்தவரிடம் வலையைக் கொடுங்கள், பத்தாவது படித்த பெண்ணிடம் பெயர்ப் பதிவேட்டைக் கொடுங்கள். ஒரே தெருக்காரர்களை ஒரே அறையில் போடுங்கள். பெயர் வந்த வரிசையில் பிரித்துப் போட்டால் தெரியாத முகங்களுக்கு நடுவே யாரும் தூங்கமாட்டார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் நகர முடியாமல் கிடந்தபோது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடும் தண்ணீரில் இருக்க, இருந்ததை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். உதவி வாங்குகிற இடத்தில் நிற்காமல் கொடுக்கிற இடத்தில் நின்றதால் அந்த ஊர் நிமிர்ந்து நின்றது என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுத ஆசைதான், ஆனால் டீச்சர் புராணம் ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பிள்ளைகூடப் பாயை நனைக்கும், அம்மா முந்தானையை விடாது, கொஞ்ச நாளில் சரியாகும், யாரும் திட்ட வேண்டாம். பெஞ்சைக் கவிழ்த்துப் படகாக்கி "அலை வருது, ஓடு" என்று விளையாடினால் தடுக்க வேண்டாம். அவர்கள் பயத்தைப் பேசுகிற பாஷை அது. ஆனால் தாங்களாக விளையாடுவது வேறு, வெளியூரிலிருந்து வந்து இறங்கிய ஆள் கையில் கிரேயானைக் கொடுத்து "அலையை வரைந்து காட்டு" என்பது வேறு. சுனாமிக்குப் பிறகு அப்படி ஒரே பிள்ளையிடம் நாலு குழுக்கள் வந்து படம் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். முடிந்தவரை சீக்கிரம் ஒரு மணி நேரமாவது பாடமோ பாட்டோ நடக்கட்டும். முகாம் டிவியில் வெள்ளக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

பெரியவர்களுக்கும் அதேதான். நடந்ததை ஒருவர் தானாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். தோண்டித் துருவாதீர்கள். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் மனசு லேசாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது. அதற்குப் பதிலாக உளவியல் முதலுதவி என்று 2011-இல் ஒரு கையேடு வந்தது. பார், கேள், இணை: இதுதான் அதன் மையம். யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, பொறுமையாகக் காது கொடுப்பது, தேவையான உதவியோடும் சொந்தக்காரரோடும் சேர்த்துவைப்பது. இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. தலையாரியும் அங்கன்வாடி ஊழியரும் கற்றுக்கொள்ளலாம். கேமராவோடு வருகிறவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. நிவாரணப் பையை வாங்குகிற கையையும் முகத்தையும் சேர்த்துப் படம் எடுப்பவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

சாவு நடந்த வீடுகள். இதில் உங்கள் வேலை காகித வேலை, அதுவே பெரிய ஆறுதல் வேலை. புருஷனைப் பறிகொடுத்தவள் கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், மருத்துவமனை, தாலுகா அலுவலகம் என்று நாலு மேசையில் நாலு தடவை அதே கதையைச் சொல்லும்படி ஆகிறது. ஒரு தடவை எழுதிய வாக்குமூலத்தின் நகல் மற்ற மூன்று மேசைக்கும் போகட்டும். உடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களை, அலங்கோலமாக இருக்கிறது என்று தடுக்காதீர்கள். என்ன நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் விடுங்கள். சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அவசர அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்ததில் எங்கே எந்தப் பிள்ளை என்று தெரியாமல் நிற்கிற பெற்றோர் இன்றும் உண்டு. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மாவட்ட மீனவர் வீடுகளில், தாலியை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்றே தெரியாமல் பெண்கள் இருந்தார்கள். காணாமல் போய் ஏழு ஆண்டு ஆனால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். ஒக்கியில் அதற்குக் காத்திராமல் காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த முன்னுதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் வேலை செய்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் கூட ஒரு இடமும் கொஞ்சம் அரிசியும் ஏற்பாடு செய்து கொடுப்பதும் மனநலப் பணிதான்.

மருத்துவர் தேவைப்படுகிற அந்தக் கொஞ்சப் பேரைக் கண்டுபிடிப்பது எப்படி? முகாமில் பெயர் எழுதும்போதே ஒரு கேள்வி சேருங்கள்: தினமும் சாப்பிடுகிற மாத்திரை எதுவும் தண்ணீரில் போய்விட்டதா? பி.பி., சர்க்கரை என்பார்கள். ஃபிட்ஸ் மாத்திரையையும் மனநல மாத்திரையையும் சொல்லமாட்டார்கள், பத்துப் பேர் காதுபடக் கேட்டால் நிச்சயம் சொல்லமாட்டார்கள். கிராம சுகாதார செவிலியரை விட்டுத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இன்னொன்று, குடி. நாள்தோறும் குடித்தவர் முகாமில் குடிக்க வழியில்லாமல் இருந்தால் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். பேய் பிடித்துவிட்டது என்று விபூதி போடுவார்கள், ரகளை செய்கிறான் என்று போலீசைக் கூப்பிடுவார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பல நாள் தூங்காதவர், சோற்றைத் தொடாதவர், பச்சைப் பிள்ளையைக் கையில் எடுக்காத தாய், "நான் இருந்து என்ன ஆகப்போவுது" என்று சொல்கிறவர். இவர்களைத் தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஆள் கிடைத்தது என்றுதான் இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து ராப்பகலாக இயங்குகிறது, தமிழில் பேசலாம், காசு இல்லை. மாநிலத்தின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையின் மூலையில் அழியாமல் எழுதிவையுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எண் ஒவ்வொரு முகாம் பொறுப்பாளரின் போனிலும் இருக்கட்டும், பாம்பு பிடிக்கிறவர் எண்ணுக்குப் பக்கத்திலேயே.

முகாமை மூடியதும் உங்கள் கோப்பும் மூடப்படுகிறது. சனத்துக்கு உண்மையான பாரம் அதற்குப் பிறகுதான் இறங்கும். வீட்டில் சேறு, பிள்ளையின் புத்தகம் கூழ், வயல் மணல்மேடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டையில் தென்னை வைத்திருந்தவர்கள் முதல் வாரம் ஓடியாடி வேலை செய்தார்கள். விழுந்த மரத்துக்கு மாற்றாக வைக்கிற கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் இடிந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் வாரக் கடன் வசூலிக்க வருகிறவர்கள் சேறு காய்வதற்கு முன்பே வாசலில் நிற்கிறார்கள். பேரிடர்ப் பகுதியில் வங்கிக் கடனை மாற்றியமைத்துக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் வழிமுறை இருக்கிறது. அதை ஊர்க்கூட்டத்தில் சொல்ல ஒரு வங்கி அலுவலரை அழைத்து வாருங்கள். சிறுகடன் நிறுவனங்களைக் கூப்பிட்டுக் கொஞ்ச காலம் வசூலை நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்சியர் சொன்னால் கேட்பார்கள்.

நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பூச்சிமருந்தை வீட்டில் வைப்பதற்குப் பதிலாக ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டை, சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். தற்கொலை குறைந்தது. பயிர் போன வருஷத்தில் எல்லா டெல்டா கிராமத்துக்கும் இது வேண்டும். வேளாண் துறையோடு பேசுங்கள்.

இனி உங்களைப் பற்றி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ. முகாமில் நான் பார்த்ததிலேயே அதிகம் களைத்த முகங்கள் உங்களுடையவை. தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று மனைவி போன் பண்ண, "சரி, அம்மாவை மேல ஏத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை எனக்குத் தெரியும். மேலே இருந்து வீடியோ கான்பரன்ஸில் திட்டு, கீழே இருந்து சனத்தின் ஏச்சு, நடுவில் கணக்கெடுப்புப் படிவம். மூன்று ராத்திரி தூங்காத ஆள் கோபப்படுவார், தப்பாக எழுதுவார், வண்டியை எங்காவது விடுவார். தலையாரி, தூய்மைப் பணியாளர், மின்வாரிய லைன்மேன் பாடு இதைவிட மோசம். சுனாமியில் உடல்களைத் தூக்கிய பணியாளர்களில் எத்தனை பேர் அதன் பிறகு குடியில் விழுந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும், அவர்கள் கோப்பில் அது வராது.

ஆகவே வட்டாட்சியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பணிப் பட்டியல் போடும்போது மாற்று ஆளையும் சேர்த்தே போடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். தன் வீடு தண்ணீரில் இருப்பவருக்கு அரை நாள் கொடுத்து அனுப்புங்கள், திரும்பி வந்து இரண்டு மடங்கு வேலை செய்வார். உடல்களைக் கையாளும் வேலைக்கு ஜோடியாக அனுப்புங்கள், ஒரே ஆளை நாள் முழுக்க விடாதீர்கள், முடிந்ததும் குளிக்க வெந்நீர் கொடுங்கள். ராத்திரி ஒரு கால் மணி நேரம், எல்லாரும் தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கான்பரன்ஸில் வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்காமல் உங்களோடு நிறுத்த முடிந்தால், அதைவிடப் பெரிய மனநலத் திட்டம் தாலுகாவில் வேறு இல்லை. எல்லாம் முடிந்தபின் ஈட்டிய விடுப்பு கேட்டு வருகிறவரிடம், "ஆடிட் இருக்கே" என்று சொல்லாதீர்கள்.

உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளக் கூடியதும் உண்டு. உட்கார்ந்து சாப்பிடுங்கள். டீயை மட்டுமே குடித்து நாளை ஓட்டாதீர்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுக்கள் பன்னிரண்டு இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் ஆக்குங்கள். வீட்டுக்குப் போன் செய்யும்போது அழுகை வந்தால் வரட்டும், சட்டையில் அடையாள அட்டை தொங்குகிறது என்பதற்காக அடக்க வேண்டாம். வேலை ஓய்ந்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால், அல்லது ராத்திரி பாட்டில் இல்லாமல் முடியவில்லை என்றால், 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான். உயிர் காக்கிற வேலை பார்த்தவர் மனநல மருத்துவரைப் பார்த்தால் பதவி உயர்வு நின்றுவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கும் ஒரு சுற்றறிக்கையை ஆட்சியர் அலுவலகம் அனுப்பினால் நல்லது.

இவ்வளவையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். இந்த ஆண்டு ஆயத்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் மூன்றை மட்டும் சேர்த்தால் போதும்: ஒவ்வொரு முகாமுக்கும் தகவல் எழுத ஒரு ஆள், கழிப்பறைத் தாழ்ப்பாளும் விளக்கும் மழைக்கு முன்பே சரிபார்த்த கையெழுத்து, பணியாளருக்கு மாற்று ஆளோடு சேர்ந்த பட்டியல். மூன்றுக்கும் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பள்ளிக் கழிப்பறைகளைப் பார்வையிட யாராவது வருவதாக இருந்தால் சனி, ஞாயிறில் வாருங்கள், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். சாவி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கொடுத்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
கடலூர் மாவட்டக் கடற்கரைக் கிராமம்.